மேனுஃபாக்சர்டு ஹோமில் குழாய்ப் பராமரிப்பும் பழுதுபார்ப்பும்: பெல்லி முதல் பனிக்காலம் வரை முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் தொழிற்சாலையில் கட்டி முடித்து, இரும்புச் சட்டத்தோடு சாலையில் இழுத்து வந்து மனையில் நிறுத்தும் வீடுகளுக்கு மேனுஃபாக்சர்டு ஹோம் என்று பெயர். 1976 ஜூன் 15 முதல் கட்டப்பட்டவை ஹட் கோடு என்ற மத்திய அரசு விதிகளின்கீழ் வருகின்றன. அதற்கு முந்தியவை மொபைல் ஹோம். வெளிச்சுவரில் சிவப்பு உலோகத் தகடு இருந்தால் அது ஹட் கோடு வீடு. உள்ளே சமையலறை அலமாரிக் கதவின் பின்புறமோ, மின் பலகைக்குப் பக்கத்திலோ, படுக்கையறைத் துணி அலமாரியிலோ டேட்டா பிளேட் எனும் தாள் ஒட்டியிருக்கும். கட்டிய தேதியும் தயாரிப்பாளர் பெயரும் மாடலும் அதில் இருக்கும். வேலையைத் தொடங்குமுன் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழாய் எந்தக் காலத்தது என்பதைப் பாதி ஊகிக்க அதுவே போதும்.

நம் ஊரில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்குப் பழகியவர்கள் முதலில் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பத்தடி உயரத் தொட்டி தரும் அழுத்தம் 4 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) சொச்சம்தான். இங்கே தெருக் குழாயின் அழுத்தம் 50, 60 பிஎஸ்ஐ. அது இரவும் பகலும் ஒவ்வொரு இணைப்பையும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தொட்டி காலியானதும் கசிவு நின்றுவிடும் என்ற பேச்சே இல்லை. வால்வை மூடும் வரை ஓடும்.

குழாய் எங்கே இருக்கிறது

தரைப் பலகைக்குக் கீழே மர விட்டங்கள். விட்டங்களுக்கு இடையில் தண்ணீர்க் குழாய்களும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் சூடான காற்று போகும் டக்ட்டும் ஓடுகின்றன. அவற்றின் கீழே கண்ணாடியிழை இன்சுலேஷன். அதையும் தாங்கி இழுத்துக் கட்டியிருப்பது கறுப்பு நிற பாலி துணி. இந்த முழு அடுக்கையும் பெல்லி என்பார்கள். கழிவுநீர்க் குழாய் மட்டும் பெல்லியைத் துளைத்துக் கீழே இறங்கி, இரும்புச் சட்டத்தில் பட்டைகளால் தொங்கிக்கொண்டு சாக்கடை வாய்க்குப் போகும்.

சாதாரண வீட்டுக்குப் பழகிய பிளம்பர்கள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். குழாயைச் சரிசெய்துவிட்டுக் கிழித்த பெல்லியை அப்படியே விட்டுப் போவார்கள். அடுத்த பனிக்காலத்தில் அதே இடம் உறைந்து வெடிக்கும், எலியும் குடியேறியிருக்கும். பெல்லியை மூடாதவரை குழாய் வேலை முடியவில்லை என்றே கணக்கு.

டபுள்வைடு என்றால் இரண்டு பாதிகளும் சேரும் நடுக்கோட்டில் தண்ணீர்க் குழாய்க்கு ஓர் இணைப்பு உண்டு. கிராஸ்ஓவர் எனப்படும் இதைப் போட்டது தொழிற்சாலை அல்ல, மனையில் வீட்டை நிறுத்திய ஆட்கள். கசிவைத் தேடும்போது இதையும் மறக்காமல் பாருங்கள்.

எந்தக் குழாய் என்று தெரியாமல் பாகம் வாங்காதீர்கள்

சிங்க்குக்குக் கீழும், வாட்டர் ஹீட்டர் அறையிலும், வீட்டுக்குத் தண்ணீர் நுழையும் இடத்திலும் குழாயின் நிறத்தையும் அதன்மேல் அச்சிட்ட எழுத்தையும் பாருங்கள்.

சாம்பல் நிறமாக, வளைந்து கொடுப்பதாக, பிபி2110 என்ற எழுத்துடன் இருந்தால் அது பாலிபியூட்டிலீன். 1970களின் இறுதியிலிருந்து 1995 வரை இவ்வகை வீடுகளில் ஏராளமாகப் போட்டார்கள். நகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரின் குழாயையும் அதன் பிளாஸ்டிக் இணைப்புகளையும் உள்ளிருந்தே அரித்து நொறுங்க வைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும். அமெரிக்காவில் இதன் மேல் பெரிய வழக்கு நடந்து 1995இல் இழப்பீட்டுக்கு உடன்பாடும் ஆனது. உரிமை கோரும் காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. முதல் கசிவுக்கு ஒட்டுப் போடலாம். இரண்டாவது வந்துவிட்டால் முழுக் குழாயையும் மாற்றுவதுதான் லாபம். அடுத்து எந்த இணைப்பு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையில் விறைப்பாக இருப்பது சிபிவிசி. வயதானால் உடையும் தன்மை வந்துவிடும். சிவப்பு, நீலம், வெள்ளை நிறங்களில் வளைந்து போவது பெக்ஸ். இப்போதைய வீடுகளில் இதுதான். மிகப் பழைய வீடுகளில் செம்பும் உண்டு.

கழிவுநீர்க் குழாய் கறுப்பாக இருந்தால் ஏபிஎஸ், வெள்ளையாக இருந்தால் பிவிசி. இரண்டையும் ஒரே பசையால் ஒட்டாதீர்கள். இணைக்க வேண்டி வந்தால் எஃகுப் பட்டை சுற்றிய ரப்பர் கப்ளிங் போடுங்கள்.

வால்வும் அழுத்தமும்

வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் முக்கால் அங்குலக் குழாயில், எளிதில் கை எட்டும் இடத்தில், முழு வாயும் திறக்கும் கேட் வால்வு அல்லது பால் வால்வு இருக்க வேண்டும். பழைய கேட் வால்வு பல ஆண்டு தொடாமல் கிடந்தால், திருப்பும்போது தண்டு உடையும், அல்லது மூடியும் தண்ணீர் நிற்காது. அவசரம் வருமுன் அதை எடுத்துவிட்டுக் கால் திருப்பில் மூடும் பால் வால்வு போடுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் சிங்க்குக்கும் டாய்லெட்டுக்கும் தனி வால்வே இருக்காது. ஒவ்வொரு முறை ஒரு குழாயை மாற்றும்போதும் அந்த இடத்தில் ஒரு கால்திருப்பு ஸ்டாப் வால்வும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். சில டாலர் செலவுதான்.

அழுத்தத்தை அளக்க, தோட்டக் குழாயில் திருகும் முக்கால் அங்குல கேஜ் வாங்குங்கள். வீட்டுக்குள் எந்தக் குழாயும் ஓடாதபோது அளவெடுங்கள். 50 முதல் 60 பிஎஸ்ஐ நல்லது. 80க்கு மேல் இருந்தால் அழுத்தம் குறைக்கும் வால்வு கட்டாயம். ஹட் விதிகளே அதைக் கேட்கின்றன. அந்த வால்வை வீட்டின் மெயின் வால்வுக்கு அடுத்ததாகப் போடுங்கள். பின்விளைவு ஒன்று உண்டு. சூடாகும்போது வாட்டர் ஹீட்டரில் உள்ள தண்ணீர் விரியும். இனி அது தெருக் குழாய்க்குத் திரும்பிப் போக முடியாது. அழுத்தம் ஏறி, ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சொட்டத் தொடங்கும். பாதுகாப்பு வால்வைக் குறை சொல்லி மாற்றிப் பயனில்லை. ஹீட்டருக்குப் போகும் குளிர்நீர்க் குழாயில் 2 கேலன் எக்ஸ்பான்ஷன் டேங்க் ஒன்று வையுங்கள். பொருத்துமுன் அதன் காற்றழுத்தத்தை சைக்கிள் பம்பால் வீட்டுத் தண்ணீர் அழுத்தத்துக்குச் சமமாக ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கசிவு எந்தப் பக்கம்: ஒன்றொன்றாகக் கழித்துப் பார்ப்பது

தண்ணீர் சொட்டும் இடம் கசியும் இடம் அல்ல. பெல்லித் துணியின் மேல் வழிந்து, எங்கே பள்ளமோ அங்கே சேர்ந்துதான் சொட்டும். கசிவு இருபதடி தள்ளி இருக்கலாம். எனவே கத்தியை எடுக்குமுன் இப்படிச் செய்யுங்கள்.

1. எல்லாக் குழாய்களையும், ஃபிரிட்ஜின் ஐஸ் மேக்கருக்கும் டாய்லெட் தொட்டிகளுக்கும் போகும் வால்வுகளையும் மூடுங்கள். தண்ணீர் மீட்டரின் சிறு முக்கோணம் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

2. சுற்றினால் வீட்டின் மெயின் வால்வை மூடுங்கள். இன்னும் சுற்றினால் கசிவு மண்ணுக்கடியில், மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையில். இவ்வகை வீடுகளுக்கு மனை வாடகைக்கு விடும் பார்க்கில் இருந்தால், அந்தத் துண்டு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுத் தோண்டுங்கள்.

3. நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள். மெயினைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் குளிர்நீர் வால்வை மட்டும் மூடுங்கள். முக்கோணம் நின்றால் வெந்நீர்ப் பக்கம். ஓடினால் குளிர்நீர்ப் பக்கம். இந்த ஒரு சோதனையே தேட வேண்டிய நீளத்தைப் பாதியாக்கிவிடும்.

4. டாய்லெட் தொட்டிகளில் உணவு நிறமூட்டி சில சொட்டு விட்டு அரை மணி நேரம் கழித்துக் கிண்ணத்தைப் பாருங்கள். நிறம் இறங்கியிருந்தால் அடியில் இருக்கும் ஃபிளாப்பர் என்ற ரப்பர் மூடி போய்விட்டது. பெல்லியைக் கிழித்துத் தேடப்பட்ட கசிவுகளில் சில கடைசியில் இதுவாகத்தான் இருந்திருக்கின்றன.

தனி மீட்டர் இல்லாத இடமென்றால், மெயின் வால்வுக்குப் பின்னால் வரும் தோட்டக் குழாயில் கேஜைத் திருகி, மெயினை மூடி, கால் மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். இறங்கினால் கசிவு வீட்டுக்குள். வெந்நீர்க் கசிவென்றால் வெறுங்காலுடன் தரையில் நடந்து பாருங்கள். ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்.

கீழே இறங்குவது

தனியாக இறங்காதீர்கள்; வெளியே ஒருவர் நிற்கட்டும். என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கை உடை வேண்டும். பேட்டரியில் எரியும் விளக்கு எடுங்கள்; ஈரத்தில் ஒயர் விளக்கு வேண்டாம். எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது, ஹான்டா வைரஸ் அபாயம் உண்டு. பிளீச் கலந்த தண்ணீரால் நனைத்துத் துடைத்தெடுங்கள். வீட்டைத் தாங்கும் கற்தூண்களையும் ஆப்புகளையும் எந்தக் காரணத்துக்காகவும் அசைக்காதீர்கள்.

பெல்லி தொப்பை போட்டுத் தொங்கினால் உள்ளே பல கேலன் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். மெயின் வால்வை மூடி, மின் பலகையில் மெயின் பிரேக்கரையும் இறக்குங்கள். அதே பெல்லிக்குள் மின் ஒயர்களும் ஓடுகின்றன. பிறகு நீளக் கம்பின் முனையில் ஸ்க்ரூடிரைவரைக் கட்டி, பக்கவாட்டில் படுத்தபடி மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு துளை போட்டு வடிய விடுங்கள். நேர் கீழே படுத்துக்கொண்டு கத்தியால் கிழித்தால் நனைந்த இன்சுலேஷனும் எலிக்கூடும் முகத்தின் மேல் விழும்.

வடிந்தபின் விட்டத்தை ஒட்டி மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல் போல விடுங்கள். பிறகு மூடுவது சுலபம். நனைந்த கண்ணாடியிழையைப் பிழிந்து திரும்ப வைப்பது வேலைக்கு ஆகாது. எடுத்துப் பையில் போடுங்கள். கசியும் இடம் தெரியவில்லை என்றால், வெளியே நிற்பவரை மெயினைக் கால்வாசி மட்டும் திறக்கச் சொல்லுங்கள். சீறும் சத்தம் வழி காட்டும்.

குழாயைச் சரிசெய்வது

பெக்ஸ் என்றால்: பழுதான துண்டை பெக்ஸ் கத்தரியால் நேராக வெட்டி எடுங்கள். சாய்வாக வெட்டினால் இணைப்பு முழுதாக உட்காராது. புதுத் துண்டை அளந்து, ஒவ்வொரு முனையிலும் முதலில் வளையத்தை மாட்டிவிட்டுப் பிறகு கப்ளிங்கை அதன் தோள் வரை தள்ளுங்கள். வளையம் குழாயின் முனையிலிருந்து எட்டில் ஒரு அங்குலத்துக்கும் கால் அங்குலத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். வளையத்தை நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்ப் கருவியை ஒரே முறை முழுதாக அழுத்தி, இறுக்கம் சரியா தவறா என்று காட்டும், கூடவே வரும் கோ/நோ-கோ கேஜால் சரிபாருங்கள். தவறிய வளையத்தை மீண்டும் அழுத்திப் பலனில்லை. வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள். செம்பு வளைய கிரிம்ப் கருவியின் நீளக் கைப்பிடிகளுக்கு விட்டங்களுக்கு நடுவே இடம் போதாது. காது வைத்த எஃகு கிளாம்பும் அதற்கான சின்ச் கருவியும் ஒரு பக்கத்திலிருந்தே வேலை செய்யும். பெல்லிக்குள் அதுதான் தோது. ஒரே கருவி அரை அங்குலம், முக்கால் அங்குலம் இரண்டுக்கும் போதும்.

சிபிவிசி என்றால்: பழைய குழாயைக் கத்தரியால் நறுக்கினால் நெடுக விரிசல் ஓடும். மெல்லிய பல் உள்ள ரம்பத்தால் அறுங்கள். ஒட்டுமுன் குழாய் எலும்பு போல் உலர்ந்திருக்க வேண்டும். சிபிவிசிக்கு உரிய பசைதான் பூச வேண்டும். சாதாரண பிவிசி பசை வெந்நீருக்குத் தாங்காது. டப்பாவில் எழுதிய நேரம் வரை அழுத்தம் ஏற்றாதீர்கள். குளிரில் அந்த நேரம் நீளும். படுத்துக்கொண்டு பசை பூசச் சிரமமாக இருந்தால் புஷ்-ஃபிட் கப்ளிங் போடலாம். அரை அங்குல பெக்ஸ், சிபிவிசி, செம்பு மூன்றின் வெளிவிட்டமும் ஒன்றே, எட்டில் ஐந்து அங்குலம். எனவே ஒரே கப்ளிங் மூன்றுக்கும் பொருந்தும். முனையை மழித்து வழவழப்பாக்கி, உள்ளே போக வேண்டிய ஆழத்தைப் பேனாவால் குறித்து, அந்தக் குறி மறையும் வரை தள்ளுங்கள். பாதி உள்ளே போய் நின்ற புஷ்-ஃபிட் அன்றைக்குச் சொட்டாது, சில வாரம் கழித்துக் கழன்றுகொள்ளும்.

பாலிபியூட்டிலீனின் வெளிவிட்டமும் அதுவே. ஆனால் உட்சுவர் அளவு வேறு என்பதால் பெக்ஸ் கப்ளிங்கை அதற்குள் நுழைத்துக் கிரிம்ப் செய்தால் பிடிக்காது. ஒரு பக்கம் பாலிபியூட்டிலீனுக்கும் மறுபக்கம் பெக்ஸுக்கும் என்று குறிப்பிட்டு விற்கும் மாற்று இணைப்பையே கேட்டு வாங்குங்கள்.

முழுக் குழாயையும் மாற்றும்போது பழையதைப் பிடுங்க வேண்டாம். துண்டித்துவிட்டு அங்கேயே கிடக்க விடலாம். புதிய பெக்ஸை டக்ட்டுக்குப் பக்கத்தில், இன்சுலேஷனுக்கு மேலே, தரையை ஒட்டிக் கொண்டுபோங்கள். மெயின் குழாய்க்கு முக்கால் அங்குலம், கிளைகளுக்கு அரை அங்குலம். 32 அங்குலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கிளிப். கிளிப் குழாயை இறுக்காமல் நகர விட வேண்டும். 100 அடி பெக்ஸ் 10 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்ப மாற்றத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் நீளும். கம்பி போல் இழுத்துக் கட்டினால் குளிரில் சுருங்கி இணைப்பை இழுக்கும். ஹீட்டரோடு பெக்ஸை நேராக இணைக்காதீர்கள். முதல் 18 அங்குலத்துக்குச் செம்பு அல்லது நெளிவுள்ள உலோகக் குழாய் வேண்டும். பெக்ஸுக்கு வெயிலும் ஆகாது. வீட்டின் அடியைச் சுற்றி மறைக்கும் ஸ்கர்ட்டிங் திறந்து கிடக்கும் பக்கம் போனால் மூடிவிடுங்கள்.

பெல்லியை மூடுவது

அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுதும் திறந்தபடி விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் தொட்டுப் பாருங்கள். சொட்டாத கசிவையும் தாள் காட்டிக்கொடுக்கும். விட்டங்களும் தரையின் அடிப்பக்கமும் உலரும் வரை ஃபேன் ஓடட்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை நிச்சயம்.

புது இன்சுலேஷனைக் குழாய்க்குக் கீழே வையுங்கள். குழாய் எப்போதும் இன்சுலேஷனுக்கும் தரைக்கும் நடுவே, வீட்டுச் சூட்டின் பக்கம் இருக்க வேண்டும். குழாய்க்கு மேலே திணித்தால் வீட்டின் சூட்டைத் தடுத்துக் குழாயைக் குளிரில் தொங்கவிட்டது போலாகும். அடிக்கடி பார்க்கும் தவறு இது.

வெட்டிய மடிப்பைத் தூக்கி, விட்டத்தில் ஸ்டேபிள் அடித்து, மேலே மெல்லிய மரப் பட்டையையும் திருகுங்கள். நடுவில் மரமில்லாத இடத்தில் ஒட்டுத் துணியைத் தைக்க, ஸ்டேபிள் முள்ளின் கால்களை வெளிப்பக்கமாக மடக்கும் கிளின்ச் ஸ்டேப்ளர் தேவை. ஒட்டு எல்லாப் பக்கமும் ஆறங்குலம் கூடுதலாக இருக்கட்டும். பெல்லிக்கென்று விற்கும் டேப்பை ஒட்டுமுன் பழைய துணியை ஆல்கஹாலால் துடையுங்கள். தூசியின் மேல் எந்த டேப்பும் நிற்காது. துணி வேலைக்கு டக்ட் டேப் வெறும் கண்துடைப்பு. கழிவுக் குழாய் துளைத்து இறங்கும் ஓட்டைகளைச் சுற்றி ஃபோம் அடித்தால் எலிக்கு வழி அடைபடும்.

கழிவுநீர், நாற்றம், குளுகுளு சத்தம்

தொங்கும் கழிவுக் குழாய் ஓரடிக்குக் கால் அங்குலம் இறங்க வேண்டும். நாலடி ரசமட்டத்தை வைத்தால் ஒரு முனை ஓர் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும் என்று எளிதாக நினைவில் வைக்கலாம். இடமில்லாதபோது அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் போதும். ஆனால் மேல் முனையில், அடைப்பு எடுக்கத் திறக்கும் கிளீன்அவுட் மூடி இருந்தாக வேண்டும். தாங்கும் பட்டைகள் நாலடிக்கு ஒன்று. பட்டை துருப்பிடித்து அறுந்தால் குழாய் நடுவில் தொய்ந்து, அங்கே கழிவு தேங்கும். ஆறு மாதத்துக்கொரு முறை ஒரே இடத்தில் அடைத்துக்கொண்டால் ஸ்பிரிங் கம்பி விட்டுக்கொண்டே இருக்காமல் கீழே போய் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். வீடே ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் சரிவு கெடும். அப்போது பட்டை மாற்றிப் பயனில்லை, வீட்டைச் சமப்படுத்தும் ஆட்கள் வர வேண்டும்.

அடைப்பு நீக்கும் ரசாயனம் ஊற்ற வேண்டாம். அது போகாமல் தேங்கினால், அடுத்து குழாயைத் திறப்பவரின் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து.

சமையலறை சிங்க்கில் சாக்கடை நாற்றமோ, தண்ணீர் இறங்கும்போது குளுகுளு சத்தமோ வந்தால், முதலில் சிங்க்குக்கடியில் நிற்கும் குட்டைக் குழாயின் உச்சியில் இருக்கும் காற்று வால்வைப் பாருங்கள். எல்லா சிங்க்குக்கும் கூரை வரை காற்றுக் குழாய் கொண்டுபோகாமல், இந்த வீடுகளில் தொழிற்சாலையே இதைப் போடுகிறது. காற்றை உள்ளே மட்டும் விடும், வெளியே விடாது. உள்ளிருக்கும் ரப்பர் திறந்தபடி ஒட்டிக்கொண்டால் நாற்றம். மூடியபடி ஒட்டிக்கொண்டால் சத்தமும் மெதுவான வடிகாலும். பழுதுபார்க்க ஒன்றுமில்லை. கையால் கழற்றி, திருகுக்கு டெஃப்லான் டேப் சுற்றி, புதிதைக் கையால் இறுக்குங்கள். அது நேர் செங்குத்தாக, டிராப் எனும் தண்ணீர் தேங்கும் வளைவிலிருந்து போகும் குழாயைவிட 4 அங்குலமாவது உயரத்தில் நிற்க வேண்டும். யாரும் புழங்காத விருந்தினர் குளியலறையில் நாற்றம் என்றால், டிராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும்.

டாய்லெட்டும் தரையும்

பழைய வீடுகளின் தரை, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு. ஈரம் பட்டால் உப்பி, பிறகு உதிரும். டாய்லெட் ஆடினால் போல்ட்டை இறுக்குவதோடு நிறுத்தாதீர்கள். அடியில் ஃபிளேஞ்சை (டாய்லெட்டைக் கழிவுக் குழாயோடு சேர்க்கும் வளையம்) பிடித்திருக்கும் தரையே போயிருக்கலாம்.

1. தண்ணீரை மூடி, ஃபிளஷ் செய்து, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றியெடுத்து, டாய்லெட்டைத் தூக்கி வெளியே வையுங்கள். சாக்கடை வாயைத் துணியால் அடையுங்கள்.

2. ஸ்க்ரூடிரைவரால் தரையைக் குத்திக்கொண்டே போங்கள். அது இறங்காத இடம் வரை மோசமான பலகையை, விட்டத்தின் நடுக்கோடு வரை வெட்டி எடுங்கள். ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிமனுக்கு மேல் வைக்காதீர்கள். கீழே குழாயும் ஒயரும் இருக்கின்றன.

3. விட்டங்களுக்கு இடையில் குறுக்குக் கட்டைகள் திருகி, அதே தடிமனுள்ள பிளைவுட்டைப் பசையும் திருகுமாகப் பொருத்துங்கள். பார்ட்டிக்கிள் போர்டை மீண்டும் வாங்காதீர்கள்.

4. ஃபிளேஞ்ச், முடிந்த தரையின் மேல் உட்கார வேண்டும். டைல் போட்டதால் தாழ்ந்துவிட்டால், இரண்டு மெழுகு வளையத்தை அடுக்குவதைவிட ஃபிளேஞ்ச் உயர்த்தும் வளையம் போடுவது மேல்.

5. புது மெழுகு வளையம் வைத்து டாய்லெட்டை நேராக இறக்குங்கள். இரு போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். சுற்றிலும் காக் எனும் இடுக்கடைக்கும் பசை பூசும்போது பின்பக்கத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள். மறுபடி கசிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் வெளியே வந்து சொல்லும்.

குளியல் தொட்டி, முகம் கழுவும் சிங்க் ஆகியவை இந்த வீடுகளில் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக். வழக்கமான வீட்டுத் தொட்டியின் அளவு இதற்குப் பொருந்தாமல் போகும். குழாய் மாற்றுவதானால் கைப்பிடிகளின் மைய இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பிளாஸ்டிக் நட்டுகளைக் கையால் இறுக்கிவிட்டுக் கால் சுற்று மட்டும் ஸ்பேனரால் திருப்பினால் போதும்.

வாட்டர் ஹீட்டர்

மாற்றும்போது லேபிளில் மேனுஃபாக்சர்டு ஹோமுக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். வெறுமனே மலிவாகக் கிடைத்ததை வாங்கி வைப்பது விதிமீறல். காஸ் ஹீட்டர் என்றால் உயிருக்கும் ஆபத்து, ஏனென்றால் இந்த வீடுகளுக்கானது எரியத் தேவையான காற்றை வீட்டுக்குள்ளிருந்து எடுக்காத வகை. காஸ் இணைப்பை உரிமம் உள்ளவரிடம் விடுங்கள்.

பாதுகாப்பு வால்வு 150 பிஎஸ்ஐ அல்லது 210 டிகிரி ஃபாரன்ஹீட்டில் திறக்கும். அதிலிருந்து வரும் குழாய் பெல்லியையும் தாண்டி வீட்டுக்கு அடியிலோ வெளியிலோ முடிய வேண்டும். பெல்லிக்குள்ளேயே முடிந்திருந்தால், வால்வு சொட்டுவது மாதக்கணக்கில் தெரியாது. அதன் முனையில் மூடியோ வால்வோ போடவே கூடாது.

மின்சார ஹீட்டரில் எலமென்ட் (தண்ணீரைச் சூடேற்றும் கம்பி) மாற்ற, பிரேக்கரை இறக்கி, டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்து, தண்ணீரை வடித்து, ஒன்றரை அங்குல எலமென்ட் ஸ்பேனரால் கழற்றுங்கள். புதிதைப் போட்டபின் டேங்கை நிரப்பி, வெந்நீர்க் குழாயில் காற்று கலக்காமல் தண்ணீர் ஓடும் வரை பிரேக்கரைத் தொடாதீர்கள். தண்ணீரில்லாமல் மின்சாரம் போனால் புது எலமென்ட் நொடிகளில் கருகும். வெப்பம் 120 டிகிரி போதும். ஆண்டுக்கொரு முறை அடியிலிருக்கும் வடிகாலைத் திறந்து வண்டலை வெளியேற்றுங்கள். அப்போதே ஹீட்டர் நிற்கும் தரையையும் குத்திப் பாருங்கள். வெளிக்கதவு வைத்த சிறு அறையில் இருப்பதால், அங்கே தரை உளுத்துப்போவதை யாரும் கவனிப்பதில்லை.

பனிக்காலம்

மண்ணிலிருந்து எழும்பிப் பெல்லிக்குள் நுழையும் செங்குத்துக் குழாய்தான் முதலில் உறையும். அதற்கு ஹீட் டேப் எனும் மின்சாரத்தில் சூடாகும் பட்டை வேண்டும். மேனுஃபாக்சர்டு ஹோமுக்கு என்று சான்று பெற்றது, மூன்று முனை பிளக் உள்ளது, மின்கசிவு வந்தால் தானே அணையும் ஜிஎஃப்சிஐ சாக்கெட்டில் மாட்டுவது என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றன்மேல் ஒன்று படும்படி சுற்றாதீர்கள். அந்த இடம் சூடேறித் தீப்பிடிக்கும். தெர்மோஸ்டாட் முனை குழாயோடு ஒட்டி, குளிரான பக்கத்தில் இருக்கட்டும். மேலே எந்த இன்சுலேஷன் சுற்றலாம் என்பது டேப்போடு வரும் தாளில் இருக்கும். அதைத் தாண்டி எதுவும் சுற்ற வேண்டாம். ஒயர் வெடித்திருந்தால் ஒட்டுப் போடாமல் தூக்கி எறியுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பெல்லிக்குள் ஓடும் டக்ட்டின் சூடுதான் குழாய்களைக் காக்கிறது. செலவைக் குறைக்க ஃபர்னஸை அணைத்துவிட்டு அறைக்கு அறை சிறு ஹீட்டர் வைத்தால் ஆட்கள் கதகதப்பாக இருப்பார்கள், குழாய் உறைந்துவிடும். கடுங்குளிர் நாட்களில் ஃபர்னஸ் ஓடட்டும்.

உறைந்துவிட்டால் அந்தக் குழாயின் வாயைத் திறந்து வைத்து, வாய்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கி ஹேர் டிரையரால் சூடேற்றுங்கள். நெருப்பு கூடவே கூடாது. பெல்லித் துணி நொடியில் பற்றும். பெக்ஸ் உறைந்தாலும் சற்று விரிந்து தாங்கும், இணைப்புகள் தாங்காது. எனவே இளகும் நேரத்தில் ஒருவர் மெயின் வால்வுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும்.

குளிர்காலம் முழுதும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதானால்: ஹீட்டரின் பிரேக்கரையோ காஸையோ அணையுங்கள். மெயினை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து, ஹீட்டரை முழுதாக வடியுங்கள். பிறகு குழாய்களை மூடிவிட்டு, கம்ப்ரஸரைத் தோட்டக் குழாயில் இணைத்து, 40 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல், ஒவ்வொரு குழாயாகத் திறந்து ஊதுங்கள்; ஷவரையும் வாஷிங் மெஷின் வால்வுகளையும் விட்டுவிடாதீர்கள். டாய்லெட் தொட்டியைக் காலி செய்து, ஒவ்வொரு டிராப்பிலும் கிண்ணத்திலும் ஆர்வி எனும் வீட்டு வண்டிகளுக்கு விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்பியை ஊற்றுங்கள். காருக்கானது விஷம்.

திரும்பி வந்ததும் மெயினை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். குழாய்கள் எல்லாம் திறந்திருக்க, கால்வாசி மட்டும் திறந்து, காற்று சீறி அடங்கும் வரை விடுங்கள். ஒன்றொன்றாக மூடி, மீட்டரின் முக்கோணம் நின்றதைப் பார்த்து, ஹீட்டர் நிரம்பியதை உறுதி செய்தபின் பிரேக்கரைப் போடுங்கள். மறுநாள் கீழே இறங்கி, பெல்லித் துணியைக் கையால் தடவி ஈரமோ தொய்வோ இருக்கிறதா என்று பாருங்கள்.